நாலு மூலையிலும் மஞ்சள்

எங்கள் சித்தியைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூட, பெண்ணைப் பிடிக்கவில்லை என்று வாய் திறந்து சொன்னது கிடையாது. வடையைத் தின்று, தேத்தண்ணியைக் குடித்து, வெற்றிலை போட்டு, எழுந்து நின்று வேட்டியை உதறிக்கொண்டு, "ஊருக்குப் போயி கடுதாசி போடுறோம்" என்பார்கள். பிறகு நாங்கள் காத்திருப்போம். கடுதாசி வராது. வராத கடுதாசிதான் பதில் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். எனக்கு எட்டு வயது. தபால் கந்தோர்க்காரர்கள் எல்லோரும் சேர்ந்து எங்கள் சித்திக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று உறுதியாக நம்பினேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் ஹாலிஎல டவுனுக்கு மேலே, ஏறினால் முழங்கால் கழன்றுவிடும் உயரத்தில் இருந்தது. அரசாங்கத் தபால்காரர் அந்த மேட்டில் ஏற மாட்டார். அதற்கென்று தோட்டமே ஓர் ஆளை வைத்திருந்தது. காலையில் தோட்டத்தை நடத்தும் துரையின் கடிதங்களைக் காக்கிப் பையில் போட்டுக்கொண்டு இறங்குவார். அவற்றை டவுனில் கொடுத்து, எங்களுக்கு வந்திருப்பதை வாங்கிக்கொண்டு, சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வந்து சேருவார். இறங்குகிற மனிதரைச் சும்மா இறங்க விடுவார்களா? கருவாடு, இருமல் மருந்து, தலைக்கு ரிப்பன் என்று ஒவ்வொரு வீடும் எதையாவது வாங்கி வரச் சொல்லும். அதற்கெல்லாம் அவரிடம் தனியாக ஒரு சீலைப்பை உண்டு. காக்கிப் பைக்குள் கடிதத்தைத் தவிர வேறொன்றும் இருக்கக் கூடாது என்பது துரையின் கண்டிப்பான உத்தரவு.

சனங்கள் எழுதியதெல்லாம் தபாலட்டையில்தான். உறையைவிட மலிவு. மலிவுக்கு ஒரு விலை இருந்தது: அட்டையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மேட்டில் மூச்சு வாங்க உட்காரும் இடங்களில் தபால்காரர் எல்லா அட்டைகளையும் படித்து முடித்திருப்பார். "ஒங்க மச்சானுக்குக் காய்ச்சல் விட்டுருச்சாம். மாடுதான் இன்னும் கன்னு போடலையாம்" என்று சேதியைச் சொல்லிவிட்டுத்தான் அட்டையை நீட்டுவார். அப்பாவுக்கு இது பிடிக்காது. அட்டையை வாங்கி, எதுவும் தெரியாதவர் போல முதல் வரியிலிருந்து உரக்கப் படித்து, காய்ச்சல் விட்ட இடத்தில் "அப்பாடா" என்று ஆச்சரியப்படுவார். தந்தியும் இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் தந்தி என்றால் சாவு. தந்தி வருகிறது என்று கேள்விப்பட்டதுமே ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயம் முழுக்க ஒப்பாரி தொடங்கிவிடும். ஒருமுறை யாரோ பரீட்சையில் பாஸான செய்தி தந்தியில் வந்தது. அதைப் படிக்க ஆள் கிடைப்பதற்குள் பாதி அழுது முடித்திருந்தார்கள்.

மூடி ஒட்டிய உறையில் வருவது பெரும்பாலும் கல்யாணச் சங்கதி. நல்ல சேதியென்றால் உறையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். சாவுச் சேதியென்றால் வாசலுக்கு வெளியிலேயே படித்துக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். இந்தச் சட்டங்களுக்கெல்லாம் எங்கள் வீட்டு நீதிபதி பெரிய அத்தை, அப்பாவின் அக்கா. பக்கத்துக் காம்பராவில்தான் குடியிருந்தார். ஆனால் தூங்குகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் எங்கள் காம்பராவில்தான் இருப்பார். அம்மா உப்புப் போடுவதற்குக்கூட அவரிடம் ஒரு விதி இருந்தது.

சித்தி அம்மாவின் தங்கை. பெற்றவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு எங்களோடு இருந்தாள். கொழுந்து பறிக்கப் போவாள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால், எங்கள் லயத்துக்கே கடிதம் எழுதிக் கொடுப்பவளும் அவள்தான். ஊருக்கெல்லாம் கடுதாசி எழுதினாள்; அவளுக்கு ஒரு கடுதாசி வந்தபாடில்லை. இப்போது என் மகள் கைபேசியைப் பார்த்துக்கொண்டு, "படிச்சிட்டு பதில் போடாம இருக்கான்" என்று பொருமும்போது, இது என்ன பிரமாதம் என்று எனக்குத் தோன்றும்.

அந்த வருடம் வந்தவர்கள் லுணுகலைப் பக்கத்து ஆட்கள். மாப்பிள்ளைக்குக் கூட்டுறவுக் கடையில் சாமான் நிறுத்துக் கொடுக்கும் வேலை. மாப்பிள்ளையின் அப்பா எங்கள் வடையை வெகுவாகப் புகழ்ந்தார். மாப்பிள்ளையின் அம்மா சித்தியின் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரியத்தில்தான் பிடிக்கிறார் என்று நான் நினைத்தேன். எழுந்து நின்று வழக்கமான வசனத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் வளைவு திரும்புவதற்குள் பெரிய அத்தை ஆரம்பித்தார்.

"இந்த வாட்டியும் கை நழுவுச்சுன்னா, இனிமே ரெண்டாந்தாரமாத்தான் பாக்கணும். சொல்லிப்புட்டேன்."

சித்தி எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கட்டும் என்றுதான் அத்தை சொன்னார். அவளுக்குக் கேட்டது. எனக்கு அத்தையைக் கடித்துவிட வேண்டும் போலிருந்தது.

ஆனால் அத்தை நம்பிக்கையை விட்டவரல்ல. நல்ல கடுதாசி வந்தால் பதில் போட வேண்டும்; பதில் உறையில் பூச வீட்டில் சிட்டிகை மஞ்சள் தூள் இல்லை. எனவே செவ்வாய்க்கிழமை காலையில் தபால்காரரிடம் மஞ்சள் தூள் வாங்கி வரச் சொன்னார்.

அன்று மத்தியானத்திலிருந்து நல்ல மழை. மடுவத்தில் பெண்கள் கொழுந்துக் கூடைகளோடு நனைந்து நின்றார்கள். தபால்காரர் வழக்கத்தைவிடப் பிந்தி வந்தார். அன்று எந்தச் சேதியும் சொல்லவில்லை. எங்கள் பெயரைக் கூப்பிட்டு ஓர் உறையை அப்பாவின் கையில் திணித்துவிட்டு, மஞ்சள் பொட்டலத்தையும் வைத்துவிட்டு, மேல் லயத்துப் பக்கம் கிடுகிடுவென்று நடந்துவிட்டார்.

உறையின் பின்பக்கம் லுணுகலை விலாசம். நாலு மூலையிலும் மஞ்சள்!

அப்பா மடுவத்திலேயே, கணக்குப்பிள்ளை உட்பட எல்லோருக்கும் தெரியும்படி, உறையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ சித்தியின் கூடையை இறக்கி வாங்கிக்கொண்டார்கள். அவள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்க்கக்கூட மறந்து, மழையில் அப்படியே நின்று சிரித்தாள். சித்தி பல் தெரியச் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா உறையைக் கிழிக்கப் போனார். பெரிய அத்தை பாய்ந்து பிடுங்கினார்.

"தம்பி, ஒனக்குப் புத்தி கித்தி இருக்கா? மங்கலக் கடுதாசிய செவ்வாக்கெழம பிரிப்பாங்களா? அதுவும் பொண்ணுக்கு அண்ணன்காரன் இல்லாம?"

அண்ணன்காரன் என்றால் என் மாமா, பண்டாரவளையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் புடவைக் கடையில் வேலை செய்தவர். ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு லீவு. தந்தி கொடுக்கலாம் என்றாள் அம்மா. தந்தியைப் பார்த்தால் அவன் மாரடைத்துப் போய்விடுவான் என்றார் அத்தை. கடைசியில் சித்தியே உட்கார்ந்து, "நல்ல கடுதாசி வந்திருக்கிறது, ஞாயிறன்று புறப்பட்டு வரவும்" என்று ஒரு தபாலட்டை எழுதினாள். தன் கல்யாணச் சேதியைத் தானே எழுத வெட்கப்பட்டு, கையெழுத்தை அம்மாவின் பெயரில் போட்டாள். உறையைச் சாமிப்படத்தின் முன்னால் வைத்து அத்தை சூடம் காட்டினார். பிறகு மஞ்சள் பொட்டலத்தைப் பிரித்தவர், அது பாதிக்கு மேல் காலியாக இருப்பதைப் பார்த்து, நிறுவையில் மோசம் செய்த கடைக்காரன் குடும்பத்தையே சபித்தார்.

ஞாயிறு வரைக்கும் எங்கள் வீட்டில் திருவிழா. அம்மா தன் பெட்டியிலிருந்த நல்ல சேலையை எடுத்துச் சித்தியின் மேல் வைத்து வைத்துப் பார்த்தாள். பெரிய அத்தை சித்தியை "வா கண்ணு" என்று கூப்பிட்டார். கேட்டவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவுக்கு மட்டும் பொறுமையில்லை. அத்தை குளிக்கப் போகும் நேரம் பார்த்து உறையை எடுத்து வெயிலுக்கு நேரே பிடிப்பார். மடித்த தாளுக்குள்ளிருந்து ஒரே ஒரு சொல்தான் தெரிந்தது: 'சந்தோஷம்'. போதாதா? அன்று சாயங்காலமே தேயிலை லொறி டிரைவரிடம், அவர் லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் போகிறவர், தகவல் சொல்லப்பட்டது. அப்பா சொன்னது, கல்யாணத்தை ஒரு குறையில்லாமல் செய்வோம் என்று மட்டும்தான். டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் ஒரு சாமானைச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார். லுணுகலைக்குப் போய்ச் சேர்ந்தபோது, பண்டாரவளை மாமா தங்கைக்குத் தையல் மெஷினும், எங்கள் அப்பா கன்றோடு ஒரு பசுவும் தரப்போகிறார்கள் என்று ஆகியிருந்தது. பசு எங்களிடம் இல்லை. மாமாவிடம் தையல் மெஷின் அல்ல, ஊசிகூட இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மேல் லயத்துப் பெரியம்மா விளக்குமாற்றோடு இறங்கி வந்தார். தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

"எலே, நில்லுடா! சாவுக் கடுதாசிக்குச் சாம்பிராணி போட வச்சிட்டியேடா, பாவி!"

சங்கதி இதுதான். பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. செவ்வாயன்று அவருக்கும் ஒரு மஞ்சள் மூலை உறை வந்திருக்கிறது. பேரன் பிறந்துவிட்டான் என்று முடிவுகட்டி, அதைப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்து, பூப்போட்டு, சாம்பிராணி காட்டி, வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் பள்ளிக்கூடத்துப் பையனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னால், மாத்தளையில் சின்ன மாமியார் செத்துப் பதினைந்து நாளாகிறதாம்.

விளக்குமாறு இரண்டு தரம் விழுந்ததும் தபால்காரர் எங்கள் வாசலிலேயே கைகூப்பி உட்கார்ந்துவிட்டார். மழைக்கு மஞ்சள் தூள் நனைந்து போகுமே என்று, அந்த ஒரு நாள், ஒரே ஒரு நாள், துரையின் உத்தரவை மீறிப் பொட்டலத்தைக் காக்கிப் பைக்குள் வைத்தாராம். பொட்டலம் பிய்ந்துவிட்டது. நடுவில் கயிறு போட்டுக் கட்டியிருந்த கடிதக் கட்டில், வெளியே நீட்டிக்கொண்டிருந்த மூலைகளெல்லாம் மஞ்சள். துடைக்கத் துடைக்க நன்றாகப் பிடித்துக்கொண்டதாம்.

"எல்லாக் கடுதாசியுமா?" என்றார் அப்பா.

"எல்லாந்தாங்க. தொரைக்குக் கொழும்புலருந்து வந்ததுலகூட ஒட்டிருச்சு. மோந்து பாத்துட்டு, கறி வாசம் வருதுன்னாரு. நான் ஒண்ணும் பேசல."

எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அம்மா சாமிப்படத்தைப் பார்த்தாள். அப்பா அத்தையைப் பார்த்தார். வாங்கி வரச் சொன்ன மஞ்சள் யாருடையது என்பது அவருக்கு நினைவு வந்துவிட்டது.

"என்னையப் பாத்தா?" என்றார் அத்தை. "எப்படி ஒட்டுனா என்ன? ஒட்டிருச்சுல்ல? சாமி சித்தம் இல்லாம ஒட்டுமா?"

"அப்ப தொரைக்கும் மாப்பிள்ள பாத்திருக்கா சாமி?" என்றார் அப்பா.

உடனே பிரித்துப் பார்த்துவிடலாம் என்றாள் அம்மா. அத்தை மறுத்தார். ஆச்சரியம் என்னவென்றால், இம்முறை அப்பாவும் மறுத்தார். அதுவரை அவசரப்பட்டவருக்கு இப்போது பயம் வந்துவிட்டது. சித்தியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் படங்கைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். அன்றும் மறுநாளும் வீட்டில் எல்லோரும் சாமிப்படத்துக்கு முதுகைக் காட்டியபடியே நடமாடினோம்.

ஞாயிறன்று மாமா சட்டை மடிப்புக் கலையாமல், கையில் மஸ்கட் இனிப்பு டப்பாவோடு வந்து இறங்கினார். பாவம், அவருக்குப் பழைய சேதி மட்டும்தான் தெரியும். சிரித்த முகத்தோடு பாயில் உட்கார்ந்து உறையைப் பிரித்து, பாடம் படிப்பதுபோல் உரக்கப் படிக்க ஆரம்பித்தார். நலம், நலமறிய ஆவல். தாங்கள் எங்களை வரவேற்று உபசரித்தது மிகவும் சந்தோஷம். வடை வெகு ருசி. பெண்ணின் குணத்தில் குறையில்லை. ஆனாலும்.

'ஆனாலும்' என்ற இடத்தில் மாமாவின் குரல் இறங்கிற்று. மிச்சத்தை அவர் வாய்க்குள் படித்தார். சித்தி அடுப்படியிலிருந்து, "சத்தமாப் படிண்ணே" என்றாள்.

கொழுந்து பறித்துப் பறித்துப் பெண்ணின் விரல்கள் கறை பிடித்துப்போயிருக்கின்றன. பையன் நாலு பேர் வந்து போகும் கடையில் வேலை செய்பவன். அந்தக் கையால் ஒருவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? எனவே மன்னிக்கவும்.

மாமா தாளை மடித்தார். பெரிய அத்தை, அந்தப் பையனின் தாயார் முப்பது வருடம் இதே கொழுந்துதானே பறித்தாள், அவள் கையை எந்தத் தண்ணீரில் கழுவினாளாம் என்று கேட்டார். அத்தை சித்தியின் பக்கம் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை அதுதான். சித்தி அழுவாள் என்று எதிர்பார்த்து நான் முன்கூட்டியே அழுதேன். அவள் அழவில்லை. மஸ்கட் டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தாள். கொடுத்த கையை அப்பா பார்த்துவிட்டு, சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஆனால் டிரைவரின் தையல் மெஷினும் பசுவும் லுணுகலையில் வேலை செய்துகொண்டிருந்தன. மாப்பிள்ளை வீட்டார் மனம் மாறிக் கொண்டிருக்கிறார்கள், மறுபடியும் கடுதாசி போடப்போகிறார்கள் என்று டிரைவர் மடுவத்தில் சொல்லிவிட்டுப் போனார். அப்பா அதை நம்பவில்லை.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள், நானும் சித்தியும் பீலிக்கரையில் சட்டி கழுவிக்கொண்டிருந்தோம். குழாய்த் தண்ணீர் பனிக்கட்டி மாதிரி விழுந்தது. தபால்காரர் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"தங்கச்சி, லுணுகலைக் கடுதாசி!"

நாலு மூலையிலும் மஞ்சள். அகலமாக, அழுத்தமாக, பெருவிரலால் வைத்த மஞ்சள். சித்தி கையைத் துடைத்துக்கொண்டு உறையைப் பார்த்தாள். வாங்கவில்லை.

"இது ஒங்க பையில ஒட்டுனதாண்ணே?"

"ஆத்தா மேல சத்தியமா அவங்களே பூசுனது. அன்னையிலருந்து பையில ஒரு உப்புக்கல்லுகூட நான் வைக்கிறதில்ல." பிறகு கொஞ்சம் தயங்கினார். "ஒரு சின்னச் சங்கதி. மஞ்சள் பூசுன அவசரத்துல முத்திரை ஒட்ட மறந்துட்டாங்க. முத்திரை இல்லாத கடுதாசிக்கு வாங்குறவங்கதான் ரெண்டு மடங்கு கட்டணும்னு கந்தோர்ல சட்டம். கட்டுனா ஒங்களுக்கு. இல்லாட்டி போட்டவங்களுக்கே திரும்பிப் போயிரும்."

"நாமளா கட்டணும்?" என்றாள் சித்தி.

"ஆமா."

"அப்ப வேணாண்ணே. திருப்பிக் குடுத்துருங்க."

தபால்காரர் பதறிப்போனார். "அட, நான் கட்டுறேன் தங்கச்சி! எல்லாம் என்னால வந்த வெனை. பொறகு குடு, குடுக்காட்டியும் பரவால்ல."

"வேணாண்ணே."

நான் ஓடிப்போய் என் பாவாடை முடிச்சிலிருந்த திருவிழாச் சல்லிக்காசை அவிழ்த்து நீட்டினேன். அந்தச் சல்லியை நான் எதற்காகச் சேர்த்து வைத்திருந்தேன் என்பது சித்திக்குத் தெரியும். அவள் என் விரல்களை மடக்கி மூடினாள். பிறகு தபால்காரரின் காதிலிருந்த பென்சிலை வாங்கி, உறையின் மேல், ஊருக்கெல்லாம் கடுதாசி எழுதிய அந்த அழகான கையெழுத்தில், 'வேண்டாம்' என்று பெரிதாக எழுதினாள். ஈர விரல் பட்டு மஞ்சள் கொஞ்சம் கலைந்தது. பென்சிலைக் கொடுத்துவிட்டு மறுபடியும் சட்டியைத் தேய்க்க உட்கார்ந்தாள். தேய்த்துக்கொண்டே ஏதோ மெல்ல முணுமுணுத்துப் பாடினாள்.

ஒரு முத்திரைக் காசு! அதுவும் அடுத்தவர் கட்டுகிறேன் என்று சொல்லியும்! எங்கள் சித்தியைப் போல ஒரு கஞ்சப் பிசினாறி இந்த ஊவா மாகாணத்திலேயே கிடையாது என்று தீர்மானித்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது, அப்பா கை கழுவப் போயிருந்த நேரத்தில், அம்மாவிடம் போட்டுக்கொடுத்துவிட்டேன். லுணுகலையிலிருந்து மஞ்சள் பூசிய கடுதாசி வந்தது, முத்திரைக் காசு கட்ட மனமில்லாமல் சித்தி அதைத் திருப்பி அனுப்பிவிட்டாள் என்றேன். அம்மாவின் கை கருவாட்டுக் குழம்புச் சட்டியின் மேல் அப்படியே நின்றது. அவள் தங்கையைப் பார்த்தாள். சித்தி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பாகிட்ட சொல்லாத" என்று மட்டும் என்னிடம் சொன்னாள். பிறகு சட்டியைத் துழாவி, வழக்கமாக அப்பாவுக்குப் போகும் நடுத்துண்டை எடுத்துச் சித்தியின் தட்டில் வைத்தாள்.

சல்லி கொடுக்க முன்வந்த எனக்கு வால் பகுதிதான் கிடைத்தது. கஞ்சத்தனம் பண்ணியவளுக்கு நடுத்துண்டா, இது என்ன நியாயம் என்று கேட்டு, அன்று நான் சாப்பிடாமல் அழுதுகொண்டே படுத்தேன்.